காத்திருப்பின் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

பட்டப்படிப்பு முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் எங்கள் ஊரில் நாலு பேர் நாலு விதமாகக் கதைப்பார்கள். "கடையில வேலை இருந்தும் போகேல்லையாம், கவுண்மேந்து வேலைதான் வேணுமாம்" என்பார்கள். அந்தப் பிள்ளைக்காகப் பேசத்தான் வந்திருக்கிறேன். துணைக்கு ஒரு பொருளியல் மாதிரியையும் கூட்டி வந்திருக்கிறேன்.

1970 இல் ஜோன் ஹரிஸ், மைக்கல் டொடாரோ என்ற இருவர் அதை எழுதினார்கள். அவர்கள் கண்முன் இருந்தது கென்யா. நகரத்தில் வேலையில்லாமல் ஆயிரக்கணக்கானோர் அலைகிறார்கள். அது தெரிந்தும் கிராமத்துச் சனம் நகரத்துக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஏன்? வருகிறவர் நகரத்துச் சம்பளத்தையும் அது தனக்குக் கிடைக்கும் வாய்ப்பையும் பெருக்கிப் பார்க்கிறார் என்பதுதான் அவர்கள் சொன்ன விடை.

தோட்டத்தில் மாதம் 40,000 ரூபா, நகரத்தில் 80,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். நகரத்தில் இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் வேலை என்றால், எதிர்பார்க்கக்கூடிய வருமானம் 40,000. இரண்டு பக்கமும் சமன். அதற்குப் பிறகுதான் வரவு நிற்கும். இப்போது அரசாங்கம் நகரத்தில் புதிதாக 100 பேருக்கு வேலை கொடுக்கிறது. வாய்ப்புக் கூடிவிட்டதென்று மீண்டும் ஆட்கள் கிளம்புவார்கள். தோட்டக் கூலி மாறாவிட்டால் 200 பேர் வந்த பிறகுதான் கணக்குச் சமனாகும். நூறு பேருக்கு வேலை கொடுக்கப்போய், வேலையற்றோர் தொகை நூறால் கூடுகிறது. இதில் யாரும் முட்டாள் இல்லை, யாரும் சோம்பேறியும் இல்லை. ஒவ்வொருவரும் சரியாகக் கணக்குப் பார்த்ததன் விளைவு இது.

கிராமத்துக்குப் பதிலாகத் தனியார் வேலையையும், நகரத்துக்குப் பதிலாக அரச உத்தியோகத்தையும் வையுங்கள். இது யாழ்ப்பாணத்துக் கதையாகிவிடும். 1971 இல் சர்வதேச தொழில் நிறுவனம் டட்லி சீயர்ஸ் தலைமையில் இலங்கைக்கு அனுப்பிய குழு, படித்த இளைஞர் எதிர்பார்க்கும் வேலைக்கும் நாட்டில் இருக்கும் வேலைக்கும் பொருத்தமில்லை என்று அப்போதே எழுதியது. 2017 இல் யாழ். மாவட்டச் செயலகத்தின் முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் இருந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

சம்பளத்தை மட்டும் பார்த்தால் இந்தக் கணக்கு விளங்காது. உத்தியோகத்துக்குப் பின்னால் ஓய்வூதியம் இருக்கிறது, பிரசவ விடுமுறை இருக்கிறது. 2020 ஊரடங்கில் எத்தனையோ கடைகள் பூட்டிக் கிடந்தபோதும் அரச ஊழியருக்குச் சம்பளம் வந்தது. 2022 இல் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியபோது அந்தச் சம்பளத்தின் பெறுமதி கரைந்தது உண்மை. ஆனாலும் நாளைக்கு வேலை இருக்குமா என்ற பயம் அவர்களுக்கு இருக்கவில்லை.

கொடுமையான இடம் இனித்தான் வருகிறது. 2020 பட்டதாரி நியமனத்தின்போது, ஊழியர் சேமலாப நிதிக்குப் பணம் கட்டப்பட்டவர்களின் பெயர்கள், ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் என்று முதலில் ஒதுக்கிவைக்கப்பட்டன. சும்மா இருந்தவருக்கு இடம் கிடைத்தது, சிறிய சம்பளத்துக்கென்றாலும் உழைக்கப் போனவருக்குக் கதவு அடைபட்டது. நகரத்துப் புடவைக்கடை ஒன்றில் கணக்கு எழுதும் பிள்ளை ஒருத்தியை எனக்குத் தெரியும். முதலாளி சட்டப்படி தன் பங்கு 12 வீதமும் அவளுடைய சம்பளத்தில் 8 வீதமும் சேமலாப நிதிக்குக் கட்ட ஆயத்தமாக இருந்தார். அவள்தான் "என்ர பேரைப் போடாதேங்கோ ஐயா" என்று கெஞ்சினாள். தனக்குச் சேரவேண்டிய பணத்தையே வேண்டாமென்று சொல்லும் நிலைக்கு ஒரு பிள்ளையைத் தள்ளியது அந்த விதி.

இந்த மாதிரிக்குள் அடங்காத விஷயமும் உண்டு. அதில் எல்லாரும் ஒரேமாதிரிக் காத்திருக்கிறார்கள். எங்களிடம் அப்படியில்லை. கனடாவிலிருந்து காசு வரும் வீட்டுப் பிள்ளை ஐந்து வருடம் பொறுத்திருக்கலாம். குருநகரில் கடற்றொழிலை நம்பியிருக்கும் குடும்பத்துப் பிள்ளையால் ஐந்து மாதம்கூட முடியாது. அந்தப் பிள்ளை கிடைத்த வேலைக்குப் போனது, 2020 இல் அதே காரணத்தால் பட்டியலிலிருந்து விழுந்தது.

அரச சம்பளத்தைக் குறைத்தால் வரிசை குறையும் என்று இந்த மாதிரியை வைத்தே வாதிடுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சம்பள இடைவெளியை மற்றப் பக்கத்திலிருந்தும், அதாவது தனியார் கூலியை உயர்த்தியும் குறைக்கலாம். சிறிய நகரத்தில் வேலை கொடுப்போர் சிலரே என்றால், கூலி உழைப்பின் பெறுமதிக்குக் கீழே தங்கிவிடும் என்று பொருளியலாளர் ஜோன் ரொபின்சன் 1933 இலேயே விளக்கினார். அப்படிப்பட்ட சந்தையில் கூலியை உயர்த்தினால் வேலை குறையத்தான் வேண்டுமென்ற கட்டாயமில்லை.

எனவே இரண்டு கோரிக்கைகள். ஆட்சேர்ப்பு எப்போது, எத்தனை பேருக்கு என்பது தேர்தல் காலத்து அறிவிப்பாக இல்லாமல், வருடந்தோறும் குறித்த தவணையில் நடக்கும் போட்டிப் பரீட்சையாக இருக்கட்டும். இடையில் வேலை பார்த்தவரை அது எந்த வகையிலும் தண்டிக்கக் கூடாது. மற்றது, கடையும் நிறுவனமும் நடத்தும் நேயர்களுக்கு: உங்களிடம் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு நியமனக் கடிதம் கொடுங்கள். சேமலாப நிதியை மாதந்தோறும் தவறாமல் கட்டுங்கள்.

நன்றி, வணக்கம்.