டண்டாஸ் தெருவில் ஒரு துண்டு உப்பு மீன்

[காட்சி: ஓடும் ஸ்ட்ரீட்காரின் ஜன்னல் வழியே ரொறன்ரோ, டண்டாஸ் தெரு மேற்கு]

505 ஸ்ட்ரீட்காரில் மேற்கே போய், ஆசிங்டன் தெருவைத் தாண்டியதும் கடைப் பலகைகளைக் கவனியுங்கள். 'பாடாரியா' என்றால் பாண் கடை. 'சுராஸ்கெய்ரா' என்றால் கரி நெருப்பில் கோழி வாட்டும் கடை. இந்தப் பகுதிக்குப் பெயர் லிட்டில் போர்ச்சுகல். வருகிறவர்கள் பெரும்பாலும் நேரே கோழிக்கடைக்குத்தான் போவார்கள். நாம் முதலில் மீனைப் பார்ப்போம்.

[காட்சி: மளிகைக் கடையின் உள்ளே, அடுக்கி வைத்த உப்பு மீன்]

கதவைத் திறந்ததுமே வாசனை வரும். கருவாட்டோடு வளர்ந்த நமக்கு அது புதிதில்லை. ஆனால் அளவு வேறு. முழு மீனைப் பிளந்து விரித்து, உப்பில் இறுக்கி உலர்த்தியிருப்பார்கள். முக்கோணப் பலகை மாதிரி விறைத்து நிற்கும், கையால் முறிக்க முடியாது. கடைக்காரர் அதை மின்வாளில் கொடுத்துத் துண்டு போடும்போது உப்புத் தூள் பறக்கும். நடுத்துண்டு தடிப்பு, விலையும் கூட. வால்பக்கம் மெல்லியது, உதிர்த்துச் சமைக்க அதுவே போதும். காட் மீன்தான் இது. போர்த்துக்கேயர் வாயில் 'பகல்யாவ்'. செல்லமாக 'விசுவாசமான நண்பன்' என்றும் சொல்வார்கள்.

இத்தனைக்கும் போர்ச்சுகல் கடலில் இந்த மீன் கிடையாது! இது வடக்கே குளிர்ந்த கடலில் வாழ்வது. அதைத் தேடிப் போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டிலேயே வந்து சேர்ந்த இடம், இன்றைய கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடல்.

[காட்சி: பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள், வெள்ளைப் பாய்மரக் கப்பல்கள்]

இரண்டாம் உலகப் போரில் தாங்கள் நடுநிலை நாடு என்று காட்ட அவர்கள் தங்கள் மீன்பிடிக் கப்பல்களுக்கு வெள்ளை வண்ணம் பூசினார்கள். அதனால் 'வெள்ளைக் கப்பற்படை' என்ற பெயரே வந்துவிட்டது. கப்பலிலிருந்து 'டோரி' என்ற சின்ன மரப்படகுகளை இறக்குவார்கள். படகுக்கு ஒரே ஆள், கையில் தூண்டில் கயிறு. மூடுபனியில் கப்பலுக்குத் திரும்ப வழி தெரியாமல் போனவர்களும் உண்டு. கப்பலிலேயே உப்பிட்ட அந்த மீன்தான் லிஸ்பன் வீடுகளில் நத்தார் இரவுச் சாப்பாடு. இந்த மீனவர்கள் நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகரப் பேராலயத்துக்கு 1955இல் பாத்திமா மாதா சிலை ஒன்றைக் காணிக்கையாகக் கொடுத்தார்கள்.

அளவுக்கு மீறிப் பிடித்ததில் மீன் வற்றிப்போய், 1992 ஜூலையில் கனடா அங்கே காட் மீன்பிடிக்குத் தடை போட்டது. இன்று போர்த்துக்கேயர் சமைக்கும் பகல்யாவ் பெரும்பாலும் நோர்வே பக்கத்து மீன்.

[காட்சி: கென்சிங்டன் மார்க்கெட், பிறகு மீண்டும் டண்டாஸ்]

சரி, இந்தத் தெருவில் வாழும் போர்த்துக்கேயர் எப்படி வந்தார்கள்? 1953 மே 13ஆம் தேதி 'சத்தூர்னியா' கப்பலில் 85 பேர் ஹலிபாக்ஸ் துறைமுகத்தில் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். பண்ணை வேலை, ரயில்பாதை வேலை என்று தொடங்கி, ரொறன்ரோ நகரத்துக்கு வந்து, முதலில் கென்சிங்டன் மார்க்கெட்டில் குடியேறி, பிறகு மேற்கே இந்தத் தெருக்களுக்கு நகர்ந்தார்கள். ரொறன்ரோவில் இருக்கும் போர்த்துக்கேயரில் பெரும்பாலோர் அசோர்ஸ் தீவுக்காரர்கள், அட்லாண்டிக் கடல் நடுவே போர்ச்சுகலுக்குச் சொந்தமான தீவுகள் அவை. இது தெரிந்தால்தான் இங்கே எதை வாங்குவது என்று புரியும்.

உதாரணமாக 'பிமெந்தா மொய்தா'. சிவப்பு மிளகாயை உப்போடு அரைத்துப் போத்தலில் அடைத்தது, தீவுக்காரர் குசினியில் எப்போதும் இருப்பது. காரம் குறைவு, மணம் அதிகம். ஒரு கரண்டி எடுத்து இறைச்சியில் பிரட்டி வைத்துப் பாருங்கள். அப்புறம் பரிசுத்த ஆவி திருவிழாக் காலத்தில் 'சோபாஸ்': மாட்டிறைச்சி வேகவைத்த சாற்றைப் பாண் துண்டுகள் மேல் ஊற்றி, புதினாத் தழை போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுப்பார்கள். நம் அன்னதானம் நினைவுக்கு வராமல் இருக்காது.

கோழியைப் பற்றிச் சுருக்கமாக: முதுகைப் பிளந்து விரித்து, கரியில் வாட்டி, பிரி பிரி மிளகாய்ச் சாறு பூசுவார்கள். அமெரிக்கக் கண்டத்து மிளகாயை ஆப்பிரிக்காவுக்கும் நமக்கும் கொண்டுவந்தவர்கள் இவர்களே. முட்டைக் கஸ்டர்ட் நிரப்பிய 'பஸ்தெல் த நாத்தா'வைச் சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிடுங்கள்.

[காட்சி: பாடாரியாவின் கண்ணாடிப் பெட்டி]

பாண் கடையில் 'பாவ்ங்' என்று மூக்கால் சொல்லிக் கேட்கிறார்கள். நம் பாண் அங்கிருந்து வந்த சொல். சாவி, ஜன்னல், மேசை, அலுமாரி, சப்பாத்து எல்லாமே அப்படித்தான். 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்தவர்கள் விட்டுப்போன சொற்களும் அவற்றில் உண்டு. அந்தக் கசப்பை நான் மறக்கவில்லை. ஆனால் இந்தக் கல்லாவில் நிற்பவர் தீவில் வறுமை தாங்காமல் கப்பலேறியவரின் பேத்தி.

[காட்சி: வீட்டுக் குசினி, தண்ணீரில் ஊறும் மீன்]

மீனை வாங்கியாயிற்று. இரண்டு நாள் பிரிட்ஜில் தண்ணீரில் ஊற வேண்டும். நாளுக்கு மூன்று நான்கு தடவை தண்ணீர் மாற்றுங்கள். கடையில் என் பக்கத்தில் நின்ற வயதான அம்மா ஒருவர் கையைத் திருப்பிக் காட்டி விளக்கினார்: தோல் மேல்பக்கம் இருக்கட்டும், உப்பு கீழே இறங்கும்.

மூன்றாம் நாள் மீன் தடித்து, வெளுத்து, மெதுவாகிவிடும். ஓரத்தில் ஒரு சின்னக் கீற்றைக் கிள்ளி நாக்கில் வைத்து உப்புப் பாருங்கள். சரியாக இருந்தால் வெங்காயமும் உள்ளியும் ஒலிவ் எண்ணெயில் வதங்கட்டும். உதிர்த்த மீன், தீக்குச்சி மாதிரி வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்கு, கடைசியில் அடித்த முட்டை. முட்டை இறுகுவதற்குள் அடுப்பை அணைத்துவிட்டு, கறுப்பு ஒலிவ் காய்களைத் தூவி, மேசைக்குக் கொண்டுபோங்கள். பக்கத்தில் பாண் இருக்கட்டும்.