தானே புயல் அடித்தபோது எங்கே இருந்தீர்கள்?

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரையைக் கடந்தபோது எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால், இங்கே இருக்கும் பெரியவர்கள் யாரும் யோசிக்கக்கூட மாட்டீர்கள். அதற்கு முந்தின வாரம் என்ன நடந்தது என்றால் முழிப்போம். 2004 சுனாமிக்கும் அப்படித்தான். பெரிய அதிர்ச்சி வரும் கணத்தை மூளை ஃபிளாஷ் போட்டுப் படம் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று ரோஜர் பிரவுன், ஜேம்ஸ் குலிக் என்ற இரு உளவியலாளர்கள் 1977-ல் எழுதினார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் படம் மாறுகிறது, மாறுவது நமக்குத் தெரிவதும் இல்லை.

1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சாலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73 நொடியில் சிதறியது. மறுநாள் காலையே உல்ரிக் நைசர் என்ற பேராசிரியர், செய்தி எப்படிக் காதுக்கு வந்தது, அப்போது எங்கே இருந்தீர்கள், கூட யார் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டார். இரண்டரை வருடம் போனபின் அவர்களில் 44 பேரிடம் அதையே கேட்டார். 11 பேர் சொன்னதில் ஒன்றுகூடப் பழைய தாளோடு ஒத்துப்போகவில்லை. எல்லாமே சரியாகச் சொன்னவர்கள் 3 பேர்தான். தப்பாகச் சொன்னவர்களில் பலர் தயங்கவும் இல்லை, அடித்துச் சொன்னார்கள். அவரவர் கையெழுத்தைக் காட்டிய பிறகும் பழைய நினைவு திரும்பவில்லை! இந்த ஆய்வில் என்னை அசைத்தது இதுதான்.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். பண்ருட்டிப் பக்கம் ஒரு வீட்டில், புயலில் விழுந்த பலா மரத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. “மாட்டுக் கொட்டாய் மேல விழறதுக்குள்ள நான்தான்டா கன்னுக்குட்டிய அவுத்து விட்டேன்” என்றார் அண்ணன். “இல்லண்ணே, அவுத்தது அம்மா. நீ அன்னிக்கு நெய்வேலில இல்ல இருந்த?” என்றார் தம்பி. முந்திரிக் கொட்டை உடைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிரவே இல்லை.

அண்ணன் பொய் சொல்லவில்லை. புயலுக்குப் பிறகு கரண்ட் வரப் பல நாள் ஆனது. இருட்டில் உட்கார்ந்து ஆளாளுக்குச் சொன்ன கதைகளைக் கேட்டிருப்பார். நடந்ததை மூளை வைத்துக்கொள்ளும், ஆனால் அது கண்ணால் கண்டதா, காதால் கேட்டதா என்ற கணக்கைச் சீக்கிரம் தொலைத்துவிடும். தம்பி சொல்வதும் சரியா என்பது வேறு விஷயம்.

ஏன் இப்படி? பார்த்தது, கேட்டது, பயந்தது எல்லாம் மூளையில் ஒரே இடத்தில் இருப்பதில்லை. ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி அவற்றை இணைத்துத் தருகிறது. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மீன் குழம்பு போல நினைவைப் புதிதாகக் கூட்டி வைக்கிறோம், மீன் அதேதான், புளியும் உப்பும் கையளவு. பயம் வந்தால் அமிக்டலா என்ற இன்னொரு பகுதி விழித்துக்கொண்டு முக்கியமானதை அழுத்திப் பதிக்கும். அதனால் மரம் விழுந்தது மறக்காது. பக்கத்தில் யார் நின்றார் என்பதுதான் நழுவும்.

கேட்கிற விதமும் நினைவைத் திருத்தும். எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளர் 1974-ல் ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டினார். கார்கள் ‘மோதியபோது’ என்ன வேகம் என்று 50 பேரிடம், ‘நொறுங்க இடித்தபோது’ என்ன வேகம் என்று வேறு 50 பேரிடம் கேட்டார். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்றார். முதல் கூட்டத்தில் 7 பேர், இரண்டாவதில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். படத்தில் கண்ணாடியே உடையவில்லை. காவல் நிலையத்தில் சாட்சியிடம், “செவப்புச் சட்டைக்காரன்தானே அடிச்சான்?” என்று ஆரம்பிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கல்லூரிப் பிள்ளைகள் சிலர் புயல் அனுபவங்களைத் தொகுக்கப் போவதாகச் சொன்னீர்கள். நல்லது. வீட்டில் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்காதீர்கள், தனித்தனியாகக் கேளுங்கள். “அன்னிக்கு என்ன நடந்துச்சு, சொல்லுங்க” என்று மட்டும் ஆரம்பித்துவிட்டு, அவர்கள் முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். எதைத் தானே பார்த்தார், எதைப் பிறர் சொல்லிக் கேட்டார் என்பதை அப்புறம் கேளுங்கள். அண்ணனும் தம்பியும் வேறுவேறாகச் சொன்னால் இரண்டையும் அப்படியே எழுதி, தேதி போட்டு வையுங்கள்.