அயல்நாட்டுப் பிள்ளை வந்து இறங்கிய முதல் வாரம்

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகள், கல்லூரியில் சேருவதற்கு முன் ஓராண்டை ஒதுக்கி, அந்நிய நாடொன்றில் போய்த் தங்கி வருவது ஐரோப்பிய நாடுகளில் வழக்கத்தில் உள்ளது. 'கேப் இயர்' என்று சொல்கிறார்கள். ஜெர்மனி அரசு 2008-ஆம் ஆண்டில் தொடங்கிய 'வெல்ட்வெர்ட்ஸ்' என்னும் திட்டம், 18 முதல் 28 வயது வரையுள்ள இளைஞர்களைத் தொண்டுப் பணிக்காக நம் நாடு உள்ளிட்ட பல நாடுகளுக்கு அனுப்பி வைக்கிறது. அப்படி வருகிறவர்களில் ஓரிருவர் எங்கள் கோபிசெட்டிபாளையம் வட்டாரத்துக்கும் வந்து சேர்வதுண்டு. அவர்களைத் தங்க வைத்துக்கொள்ளும் சில வீடுகளில், ஓய்வுபெற்ற ஆசிரியையான என்னுடைய வீடும் ஒன்று. அந்தப் பிள்ளைகளின் முதல் சில நாட்களைப் பற்றி, குறிப்பாக அந்த நாட்களில் வீட்டார் எதைச் செய்யாமல் இருக்க வேண்டும் என்பதைப் பற்றி, இன்று பேச விரும்புகிறேன்.

பிள்ளை வந்து இறங்கிய அன்று மாலையே, பக்கத்துத் தோட்டத்துக்காரர் திண்ணையில் அமர்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஏனுங்க டீச்சர், பையனுக்கு எந்தப் பேப்பர்ல போச்சுங்க?" என்பதுதான். பரிட்சையில் தவறாத பிள்ளை ஒருவன் ஓராண்டுக் காலம் கல்லூரிக்குப் போகாமல் இருப்பான் என்பதை அவரால் எண்ணிப் பார்க்கவே முடியவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு, மே மாதத்தில் முடிவு, அதைத் தொட்டாற்போலப் பொறியியல் கலந்தாய்வு என்று நம் பிள்ளைகளின் நாட்கள் ஒன்றன் பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. கலந்தாய்வில் கிடைத்த இடத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைத்துக்கொள்ளும் வசதி இங்கே கிடையாது. பிரிட்டனிலோ, பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கி வைத்துவிட்டு ஓராண்டு கழித்துச் சேருவதற்கு வழி உண்டு. கொங்கு நாட்டில் பெற்றோர் மனமுவந்து கொடுக்கும் இடைவெளி ஆண்டு ஒன்றே ஒன்றுதான்: 2017-இல் நீட் தேர்வு தமிழ்நாட்டுக்குள் வந்த பிறகு, மதிப்பெண் போதாத பிள்ளையை 'ரிப்பீட்டர்' என்ற பெயரில் நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிகளில் மறுபடியும் உட்கார வைக்கும் ஆண்டு. அந்தப் பிள்ளைகள் விடியும் முன்னே எழுந்து படிப்பதை அறிந்தவர்களுக்கு, எதையும் படிக்காமல் ஊர் பார்க்க வந்திருக்கும் 18 வயதுப் பையன் ஒரு புதிராகத் தெரிவதில் வியப்பில்லை.

புதிராக இருப்பதனாலோ என்னவோ, அவனை ஏதாவது ஒரு வேலையில் மாட்டிவிட வேண்டும், அல்லது எங்காவது அழைத்துக்கொண்டு போக வேண்டும் என்ற துடிப்பு நமக்கு உடனே வந்துவிடுகிறது. முதல் நாள் கொடிவேரி அணை, மறுநாள் பவானி கூடுதுறை, அதற்கடுத்த நாள் பண்ணாரி அம்மன் கோயில், ஆடி மாதமாக இருந்துவிட்டால் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவின் குதிரைச் சந்தை என்று திட்டம் போட்டுவிடுகிறோம். இடையிடையே உறம்பரை வீடுகள், அதாவது உறவினர் வீடுகள் வேறு. ஒவ்வொரு வீட்டிலும் இலை போட்டு, "இன்னுங் கொஞ்சம் வாங்கிக்க சாமி" என்று வற்புறுத்தி ஊட்டாத குறையாகச் சாப்பிட வைக்கிறோம். அன்பில் குறையொன்றும் இல்லை. ஆனால் ஜெர்மனியைவிடக் கோடையில் மூன்றரை மணி நேரம் முந்தி ஓடும் நம் கடிகாரத்துக்கு உடம்பு இன்னும் பழகாமல், இரவில் கண் மூடாமலும் காலையில் கண் திறக்காமலும் கிடக்கும் பிள்ளைக்கு, அந்தியூர்க் கூட்டத்தின் நடுவே குதிரையும் மேளமும் புழுதியும் ஒன்றாகக் கலந்து தலைவலியாகத்தான் நினைவில் நிற்கும். அதே சந்தையை மூன்று மாதம் இங்கே இருந்து, மாட்டையும் மாட்டுக்காரரையும் அறிந்துகொண்ட பிறகு பார்ப்பது வேறு. குதிரைச் சந்தை அடுத்த ஆடிக்கும் கூடும். பெரும்பாலும் அவன் ஊர் திரும்புவதற்குள்ளாகவே கூடும்.

ஆகவே முதல் வாரம் அவனுடைய உலகம் சிறியதாகவே இருக்கட்டும் என்பது என் எண்ணம். வீடு, கட்டுத்தரை, வேலியோரத்து இட்டேரிப் பாதை, வாய்க்கால் கரை, அதற்கு அப்பால் உள்ள டீக்கடை, இவ்வளவு போதும். எங்கள் வீட்டுக்கு வந்த மாணவர் ஒருவர் ஆகஸ்ட் மாத நடுவில் வந்தார். அப்போதுதான் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் திறந்திருந்தார்கள். 1955-இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடி, 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குப் பாயும் வாய்க்கால் அது. அவர் காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் கரையில் போய் உட்கார்ந்துகொண்டார். யாரும் அவரைத் தொந்தரவு செய்யவில்லை. சில நாட்கள் கழித்து, "ஒரு மதகில் தண்ணீர் போகிறது, அடுத்த மதகு மூடிக் கிடக்கிறது, அந்த வயல்காரர் ஏன் சண்டைக்கு வரவில்லை?" என்று கேட்டார். வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கரையே அழைத்து விளக்கச் சொன்னோம். ஒற்றைப்படை மதகுகளுக்கு ஒரு போகமும், இரட்டைப்படை மதகுகளுக்கு அடுத்த போகமும் முறை வைத்துத் தண்ணீர் விடுவதையும், முதல் போகத்தில் நெல்லுக்கும் அடுத்த போகத்தில் நிலக்கடலை போன்ற புஞ்சைப் பயிர்களுக்கும் விடுவதையும், இந்த முறை ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொள்வதையும் அவர் விரலை மடக்கி மடக்கிச் சொல்லச் சொல்ல, நான் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னேன். பாதி ஆயக்கட்டு நிலம் காத்திருக்க, மறு பாதி நாற்று விடுகிறது என்பதை அந்தப் பிள்ளை தானாகவே கண்டுபிடித்துக் கேட்டது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. கொடிவேரியில் நின்று எடுத்துக்கொள்ளும் ஒளிப்படத்தால் இந்தக் கேள்வி பிறந்திருக்காது.

திப்பு சுல்தான் 1799-இல் வீழ்ந்த பிறகு, புதிதாகக் கைக்கு வந்த நிலங்களைப் பற்றி அறிந்துவரக் கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர், 1800-ஆம் ஆண்டில் இதே கொங்கு நாட்டின் வழியாகப் போனார். சத்தியமங்கலம், ஈரோடு, கோயம்புத்தூர் என்று போன இடமெல்லாம் பயிர், பாசனம், நெசவு பற்றி விசாரித்து எழுதி வைத்தார். அவருடைய குறிப்புகள் இன்றைக்கும் பயன்படுகின்றன. ஆனால் அவர் கம்பெனிக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர்; ஓர் ஊரில் தங்கி இளைப்பாற அவருக்கு நேரமில்லை. நம் வீட்டுக்கு வரும் பிள்ளைக்கு அந்த நெருக்கடி இல்லை என்பதை நாம்தான் மறந்துவிடுகிறோம்.

உடல்நலத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுங்கள். நம் ஊர்த் தண்ணீர் நமக்கு அமிர்தம் என்றாலும், அது அவர்கள் வயிற்றுக்குப் புதியது. முதல் நாளே கொள்ளுப் பருப்பும் காரமும் வேண்டாம். அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய் விட்டுக் கொடுத்தால் எந்த நாட்டுப் பிள்ளையும் சாப்பிடும். வயிறு கெட்டுவிட்டால், மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தையோ, அது கைவசம் இல்லையென்றால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு சமன் தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தோ கொடுத்து வரலாம். தெருநாயோ குரங்கோ கடித்துவிட்டால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். முன்பே தடுப்பூசி போட்டு வந்திருந்தாலும் மறு ஊசி போட்டாக வேண்டும். பண விஷயத்தில், டீக்கடை வரை 'ஜிபே' வந்துவிட்ட நம் ஊரில், இங்கே வங்கிக் கணக்கு இல்லாத பிள்ளை தடுமாறும். பத்து ரூபாய், இருபது ரூபாய்த் தாள்களாக மாற்றிக் கொடுத்து வையுங்கள்.

வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் வீட்டார் இணையவழியில் தகவல் பதிவு செய்ய வேண்டும் என்பதும், 180 நாட்களுக்கு மேற்பட்ட விசாவில் வந்தவர் பொதுவாக 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று விடக்கூடிய காரியங்கள் அல்ல இவை. சுற்றுலா விசாவில் வந்த பிள்ளையை மாதக்கணக்கில் பள்ளிக்கு அனுப்பிப் பாடம் நடத்த வைப்பதும் சட்டப்படி செல்லாது.

இனி, தொண்டு என்னும் விஷயத்துக்கு வருகிறேன். அனுப்பி வைக்கும் நாட்டாரும் வரவேற்கும் நாமும் சேர்ந்து, அந்தப் பிள்ளையின் தலையில் 'உதவி செய்ய வந்தவர்' என்ற சுமையை ஏற்றி வைக்கிறோம். அவர்களும் முதல் நாளிலேயே "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டுக்கொண்டு பின்னாலேயே வருவார்கள். சும்மா இருப்பது அவர்களுக்குக் குற்றமாகப் படுகிறது. எங்களிடம் வந்த மாணவர் அப்படிக் கேட்டுக் கேட்டு ஓய்ந்திருந்த ஒரு காலையில், என் மாமியார் சந்தகைக்கு மாவை உருட்டி வேக வைத்திருந்தார். வெந்த உருண்டையைச் சூடு ஆறுவதற்குள் பிழிந்தாக வேண்டும். ஆறிவிட்டால் இறுகிப்போய் அச்சில் இறங்காது. அச்சின் கைப்பிடியை அழுத்த ஓர் ஆளும், கீழே தட்டை ஏந்திச் சுற்றிச் சுற்றி வாங்க ஓர் ஆளும் வேண்டும். மாமியாருக்கோ தோள்பட்டை வலி. வேறு யாரும் பக்கத்தில் இல்லாததால், "கண்ணு, இதெய அமுக்கு" என்று அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டார். தன் உயரத்தையும் எடையையும் முழுக்கப் போட்டு அவர் அழுத்திய அழுத்தில், நூல் நூலாக இறங்கிய சந்தகை தட்டைத் தாண்டித் தரையில் விழுந்தது. "மெல்ல, மெல்ல" என்று சொல்லிக்கொண்டே பாட்டி சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த உருண்டைக்குள் அழுத்தத்தின் அளவு அவர் கைக்கு வந்துவிட்டது. தேங்காய்ப் பாலும் வெல்லமும் விட்டு, தான் பிழிந்த சந்தகையைத் தானே சாப்பிட்டார். "நான் என்ன செய்யட்டும்?" என்ற கேள்வியை அதற்குப் பிறகு அவர் என்னிடம் கேட்கவில்லை, நேரே பாட்டியிடம் போய் நிற்கத் தொடங்கினார்.

பள்ளியிலும் இதே முறையைத்தான் நான் பரிந்துரைப்பேன். ஆங்கிலம் பேசுகிறவர் என்பதற்காக, வந்த மறுநாளே கையில் சுண்ணக்கட்டியைக் கொடுத்து ஒன்பதாம் வகுப்பின் முன் நிறுத்துவது இரு பக்கத்துக்கும் துன்பம். பாடம் நடத்துவது பயிற்சி பெற்றவர் செய்யும் தொழில். நேற்றுவரை தாமே மாணவராக இருந்த பிள்ளையிடம் அதை எதிர்பார்ப்பது, நம் ஆசிரியர்களுக்கும் அவ்வளவு மரியாதை சேர்க்கும் செயல் அன்று. முதல் சில நாட்கள் ஆறாம் வகுப்பின் கடைசி வரிசையில் அவரை உட்கார வையுங்கள். சத்துணவு நேரத்தில் பிள்ளைகளோடு வரிசையில் நிற்கட்டும். அவருடைய நோட்டில் 'ழ' எழுதிக் கொடுத்து, அவர் அதைத் தப்பாகச் சொல்லும்போதெல்லாம் திருத்துவதற்குப் பிள்ளைகளே போட்டி போடுவார்கள். ஆங்கிலத்தில் வாய் திறக்கக் கூசும் பெண் பிள்ளையும், அவருடைய தமிழைத் திருத்துவதற்காக இரண்டு ஆங்கிலச் சொற்களைத் துணிந்து சொல்லிவிடும். பாடத்திட்டத்தில் எழுதி வைத்து வரவழைக்க முடியாத காரியம் இது.

இரண்டாம் வாரத்திலிருந்து, அவரை நகரப் பேருந்தில் தனியாகக் கோபிக்கு அனுப்பலாம். காய்கறி வாங்கி வரச் சொல்லலாம். பேரம் பேசத் தெரியாமல் நாலு ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட்டு வந்தால் கேலி செய்யலாம். சாப்பிட்ட வட்டலை அவரே கழுவி வைக்க எழுந்தால், "அட, வையுங்க வையுங்க" என்று பிடுங்காமல் விட்டுவிடலாம்.

நன்றி, வணக்கம்.