விசில் இல்லாத காலை

நேயர்களுக்கு வணக்கம். கும்பகோணத்தில் காவிரிப் படித்துறை மண்டபம் ஒன்றில் படுத்துக் கிடந்த ஒருவரைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். பட்டாளத்தில் 17 வருஷம் இருந்தவர். வீட்டோடு மனஸ்தாபம், அப்புறம் குடி, கடைசியில் மண்டபம். "பென்ஷன் வருதே, என்ன கேடு?" என்று பக்கத்தில் பூ விற்கிறவர்கள்கூடக் கேட்டார்கள். அந்தக் கேள்வி எனக்கு இன்னும் வலிக்கிறது.

பதினெட்டு, பத்தொன்பது வயதில் பட்டாளத்துக்குப் போகிறார்கள். எழுப்புவதற்கு விசில், சாப்பாட்டுக்கு லங்கர் என்கிற பட்டாளத்துச் சமையற்கூடம், எந்த உடுப்பு, எந்த ஊர் என்பதற்கெல்லாம் உத்தரவு. பலர் நாற்பதை எட்டுவதற்குள்ளேயே ஊர் திரும்பிவிடுகிறார்கள், அப்போது கால் கிலோ கத்தரிக்காயைப் பேரம் பேசி வாங்குவதும், வாடகைக்குப் பணம் எடுத்துவைப்பதும், விசில் இல்லாமல் எழுந்திருப்பதும் புதிதாகப் பழக வேண்டிய வேலைகளாகிவிடுகின்றன.

நான் செய்வது ஆக்குபேஷனல் தெரபி. வேலை வாங்கிக் கொடுப்பது என்று நினைத்துவிடாதீர்கள், அன்றாடக் காரியங்களைச் செய்ய முடியாமல் போனவரை மறுபடி செய்யவைக்கும் சிகிச்சை இது. அமெரிக்காவில் 1917இல் இதற்கென்று சங்கம் தொடங்கினார்கள், முதல் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களோடு சேர்ந்தே வளர்ந்த துறை. வீடில்லாத முன்னாள் வீரர்களுக்கு வாடகை உதவியோடு, கூடவே துணைக்கு ஆளும் தரும் திட்டம் இன்று அங்கே இருக்கிறது. வெறும் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தால் அவர் திரும்ப மண்டபத்துக்கே போய்விடுவார் என்பதை நானே பார்த்திருக்கிறேன்.

படித்துறை மண்டபத்தில் கிடந்த இவருக்குக் கூட்டம் ஆகாது, முதுகுக்குப் பின்னால் யாராவது நின்றால் வியர்த்துவிடும். அதனால் காலை ஆறு மணிக்கே, ஆள் சேர்வதற்கு முன், மார்க்கெட்டுக்குப் போனோம். முதல் வாரம் சும்மா நடந்தோம், அடுத்த வாரம் ஒரே ஒரு கடையில் தக்காளி. ரசம் வைப்பதைக்கூடத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டோம், புளி ஊறவைப்பது ஒரு நாள், தாளிப்பது இன்னொரு நாள். மாத்திரை டப்பா டீ டம்ளருக்குப் பக்கத்தில். பென்ஷன் பணம் நாலு கவரில்: வாடகை, அரிசி, பஸ், மீதி. மூன்றாம் மாதம் நாலு கவரும் குடிக்குப் போயிற்று. சரி, மறுபடி முதல் கவரிலிருந்து தொடங்கினோம். தீபாவளி வெடிச் சத்தத்துக்கு எங்கே போய் இருப்பது என்று ஒரு மாதம் முன்பே பேசிவைத்தோம்.

உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டிலோ கோயில் வாசலிலோ இப்படி ஒருவர் இருந்தால், சாப்பாடு கொடுங்கள், கூடவே பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுக்கிற டிஸ்சார்ஜ் புக் இருக்கிறதா என்றும் கேளுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குக் கூட்டிப் போங்கள். புக் தொலைந்திருந்தால் சர்வீஸ் நம்பரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீட்டு முகவரியைச் சொல்லத் தடுமாறிய இவர், அந்த நம்பரை மட்டும் ஒரே மூச்சில் சொன்னார்.