தனிமரம் தோப்பாகாது
(மலேசியாவின் சுங்கை சிப்புட் ஆலய மண்டபத்தில், மகளிர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய டத்தோ அவர்களே, ஆலயத் தலைவர் ஐயா அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, விடியற்காலையிலேயே எழுந்து நமக்காகச் சமைத்திருக்கும் மகளிர் பிரிவுச் சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

தனிமரம் தோப்பாகாது. தோட்டத்தில் நிரை நிரையாக ரப்பர் பால்மரம் வெட்டிய நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. விதை, நிலம், சந்தை என்று மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் விதை. தெலங்கானாவில் ஜகீராபாத் பக்கம் தலித் பெண்கள் ஊருக்கு ஊர் சங்கம் வைத்து விவசாயம் செய்கிறார்கள். கம்பு, சோளம், தினை, துவரை எல்லாம் கலந்து விதைப்பார்கள். மழை பொய்த்தாலும் ஏதாவது ஒன்று கைகொடுக்கும். விதை இல்லாதவளுக்குச் சங்கம் கொடுக்கும். அறுப்பு முடிந்ததும் அவள் கூடுதலாகத் திருப்பித் தருவாள். வட்டிக்காரன் வாசலில் நிற்க வேண்டாம். 2019-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் விருது இந்த முயற்சிக்குக் கிடைத்தது. விதையைக் கூடையில் போட்டு, சாம்பலும் வேப்பிலையும் சேர்த்து, மேலே மண் பூசி வைப்பார்கள்.

எங்கள் அம்மாவும் மைலோ டின்னில் அடுப்புச் சாம்பல் போட்டுத்தான் வெண்டை விதை வைத்திருப்பார். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் 12 பெண்கள் மாதம் ஆளுக்கு 10 வெள்ளி கூட்டுப் போட்டார்கள். சேரும் பணத்தை மாதம் ஒருத்தியாக எடுத்துக்கொள்வார்கள். ஒரு வருடக் கடைசியில் விடாத மழை. மரம் நனைந்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் சம்பளம் இல்லை. அந்த மாதக் கூட்டுப் பணம் அம்மாவுக்கு. பள்ளி திறந்ததும் எனக்குச் சப்பாத்து, அண்ணனுக்குப் புத்தகப்பை என்று கணக்குப் போட்டிருந்தார். அன்று ராத்திரி கடைசி வீட்டு அக்காவுக்குப் பிரசவ வலி. ஆஸ்பத்திரிக்குப் போக வாடகைக் காருக்குக் காசில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து அப்படியே கொடுத்துவிட்டார் அம்மா. விடிந்து பார்த்தால் எங்கள் வாசலில் ஒரு கட்டு முருங்கைக்கீரை, அரைப்பை அரிசி, வெள்ளை பூசிக் காயவைத்த பழைய சப்பாத்து ஒரு சோடி. யார் வைத்தது என்று இன்றுவரை தெரியாது. முன்னால் துணி அடைத்துப் போட்டுக்கொண்டு அந்த வருடம் முழுக்கப் பள்ளிக்குப் போனேன். தனிமரம் தோப்பாகாது, தாய்மார்களே.

அடுத்தது நிலம். 1960-இல் நம் ஊர்க்காரர், அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோதும் தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளிதான் கட்டினார்கள். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில் அந்தப் பத்து வெள்ளிகள் சேர்ந்து தோட்டங்களையே வாங்கின.

ஆகவே, டத்தோ அவர்களே, தலைவர் ஐயா அவர்களே, ஆலயத்துக்குப் பின்னால் லாலான் புல் மண்டிக் கிடக்கும் நிலத்தை மகளிருக்குக் குத்தகைக்குத் தாருங்கள். எழுத்தில் தாருங்கள். வாய்வார்த்தையை நம்பித்தான் லயத்துக்குப் பின்னால் காய்கறி போட்டோம். தோட்டம் கைமாறியதும் புல்டோசர் வந்து அம்மாவின் முருங்கையையும் சேர்த்து வழித்துவிட்டது.

சந்தையைப் பற்றிப் பேச நேரமில்லை, சாப்பாடு ஆறுகிறது. வாசல் மேசையில் நோட்டுப் புத்தகம் இருக்கிறது. உங்கள் பெயரையும் கொண்டுவரும் விதையையும் எழுதுங்கள். என் பெயருக்கு எதிரே வெண்டை என்று எழுதியிருக்கிறேன்.