எலி விசையை அழுத்தாவிட்டால் என்ன பொருள்?

அவையோருக்கு என் வணக்கம்.

1957-இல் சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில், அர்விட் கார்ல்சன் குழுவினர் முயல்களுக்கு ரெசர்பின் செலுத்தினார்கள். நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரில் உள்ள அதே ரெசர்பின்தான். காது தொங்க, அசைவற்றுக் கிடந்த முயல்கள், உடலில் டோபமைனாக மாறும் டோபாவை ஊசி வழியே செலுத்தியதும் எழுந்து நடமாடின. நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைன் மூளையில் குறைந்ததால் அவை முடங்கின என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆனால், முடங்கிக் கிடந்த முயல் துயரத்தில் இருந்ததா, அல்லது அசைய இயலாமல் மட்டும் இருந்ததா? இந்த ஐயத்தைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

1978-இல் மான்ட்ரியாலில் ராய் வைஸும் அவருடன் பணியாற்றியோரும், விசையை அழுத்தினால் உணவு கிடைக்கும் என்று பழகியிருந்த பசித்த எலிகளுக்கு, டோபமைன் செயல்படாதவாறு அதன் ஏற்பிகளை அடைக்கும் பிமோசைடு என்ற மருந்தைக் கொடுத்தார்கள். எலிகள் முதலில் வழக்கம்போல் அழுத்தின. பின்னர், உணவே வராதபோது கைவிடுவது போல, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டன. உணவின் இன்பமே மங்கிவிட்டது என்று வைஸ் விளக்கினார். அழகான விளக்கம்தான், ஆயினும், எலியின் கை நின்றதைக் கண்டு அதன் நாவின் சுவையைத் தீர்மானித்த விளக்கம்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் கையை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தார். சர்க்கரை நீர் வாயில் பட்டால் எலி தாளகதியில் நாக்கை நீட்டும், பாதத்தை நக்கும். கசப்பான கொய்னா நீர் பட்டால் வாயை அகலப் பிளக்கும், தலையை உதறும், தாடையைத் துடைத்துக்கொள்ளும். அவரும் டெர்ரி ராபின்சனும் ஒரு நச்சுப்பொருளால் எலிகளின் டோபமைன் நரம்புகளை ஏறக்குறைய முழுவதும் அழித்தார்கள். அந்த எலிகள் தாமாக உண்ணாததால் குழாய் வழியே ஊட்ட வேண்டியிருந்தது. அப்படியிருந்தும், வாயில் இனிப்புச் சொட்டு விழுந்ததும், நலமான எலியைப் போலவே அவை நாக்கை நீட்டின! ஒளிப்பதிவைப் படம் படமாக நிறுத்திப் பார்த்துக் கிடைத்த முடிவு இது. விரும்பி நாடுவது வேறு, சுவைத்து மகிழ்வது வேறு என்று அவர்கள் பிரித்தது இதிலிருந்துதான். மறுபுறம், 2000-இல் வெளியான ஆய்வில், மூளையின் அக்கும்பென்ஸ் உட்கருவில், டோபமைனைப் பெருக்கும் ஆம்ஃபெட்டமைன் செலுத்தப்பட்ட எலிகள், சர்க்கரையோடு தொடர்புடைய குறிப்பு தோன்றியதும் விசையை வெறியோடு அழுத்தின. முகத்தின் இன்பக் குறிகளோ கூடவில்லை.

அச்சத்திலும் இதே சிக்கல் உண்டு. 1950-களில், மின்னதிர்ச்சிக்கு முன் ஒலிக்கும் மணியைக் கேட்டதும் கயிற்றில் ஏறித் தப்பப் பழகியிருந்த எலிகள், குளோர்புரோமசின் என்ற மனநோய் மருந்து கொடுக்கப்பட்டபின், மணியைக் கேட்டும் ஏறாமல் இருந்தன. அதிர்ச்சி பட்டதும் ஏறின. அச்சம் தணிந்தது என்று உடனே எழுதிவிடலாம். மணி தூண்டிய முயற்சி மட்டும் தளர்ந்திருக்கலாம் என்பதை யாரேனும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

ஆம்ஃபெட்டமைன் பெற்ற எலிகள், நம் செவிக்கு எட்டாத ஏறத்தாழ 50 கிலோஹெர்ட்ஸ் ஒலியை மிகுதியாக எழுப்புகின்றன. அதை மகிழ்ச்சிக் குரல் என்று எழுதுவோர் உளர். விளையாட்டோ உணவோ வருமுன்பே, அதை எதிர்நோக்கும் எலியும் அதே ஒலியை எழுப்புவதால், எதிர்பார்ப்பின் குரல் என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.