வேலை தேடும்போது யாரைக் கேக்கலாம்?

வணக்கம் நேயர்களே. வேலை தேடிக்கிட்டு இருக்கிறவங்க, இருக்கிற வேலைய விடலாமா வேணாமான்னு யோசிக்கிறவங்க, வீட்டுப் பிள்ளைக்கு வேலை அமையணுமேன்னு கவலப்படுறவங்க, எல்லாருக்கும் சேத்துதான் பேசப்போறேன். ரொம்ப வருஷமா ஆள் எடுக்கிற பக்கம் உக்காந்து ரெஸ்யூமே பாத்துப் பாத்து மனசுல சேந்த விஷயங்க இது.

பெரும்பாலான ரெஸ்யூமேல இருக்கிறது ஆபீஸ்ல அந்தப் பதவிக்குன்னு குடுத்த வேலைப் பட்டியல்தான். வாடிக்கையாளர் புகார்களைக் கையாண்டேன், கணக்குகளைப் பராமரித்தேன், இப்படி. அந்த சீட்ல யாரு உக்காந்திருந்தாலும் இதத்தானே எழுதுவாங்க? நீங்க இருந்ததால என்ன மாறுச்சு, அதத்தான் நாங்க தேடுறோம்.

ஒரு அம்மா அக்கவுண்ட்ஸ் வேலைக்கு இன்டர்வியூ வந்தாங்க. ரெஸ்யூமேல "மாதாந்திரக் கணக்கு முடிப்பு"ன்னு ஒரு வரி, அவ்வளவுதான். பேச்சுவாக்குல கேட்டப்பதான் சொல்றாங்க, நான் சேர்ந்தப்ப மாசக் கணக்கு முடிய 10 நாளாகும் சார், எல்லா பில்லும் கடைசி வாரம் மொத்தமா வந்து குவியும், நான் ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டா பேசி வாராவாரம் அனுப்ப வெச்சேன், இப்ப 4 நாள்ல முடிஞ்சிடுதுன்னு. இத ஏம்மா எழுதலன்னு கேட்டேன். "அது என் வேலைதானே சார், அதப்போய் எப்படி எழுதுறது"ன்னாங்க. இந்த பதில எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டுட்டேன், ஒவ்வொரு தடவையும் மனசு கஷ்டமா இருக்கும், ஏன்னா நல்லா வேலை செய்றவங்கதான் பெரும்பாலும் இப்படிச் சொல்றாங்க. எழுதுங்க. 10 நாள் ஆனது 4 நாள் ஆச்சு, எப்படி ஆச்சுன்னு ஒரே வரி. நம்பர் வராத வேலையா? முன்னாடி எப்படி இருந்துச்சு, இப்ப எப்படி இருக்குன்னு எழுதுங்க, அது போதும். இந்த ஒரு வரிய ஞாபகம் வெச்சுக்கங்க, திரும்ப இதுக்கு வருவேன்.

ரெஸ்யூமே வடிவத்தப் பத்தி ரேடியோல காட்டிப் பேச முடியாது, அதனால சுருக்கமா. நிறைய கம்பெனில முதல்ல ஒரு சாஃப்ட்வேர்தான் படிச்சு தகவலப் பிரிச்சு வெக்குது. பக்கத்த இடது வலதுன்னு ரெண்டா பிரிச்சு, கட்டம் கட்டி, டிசைன் போட்டீங்கன்னா அது வரிகளக் கலந்து படிச்சிடலாம். போன் நம்பர ஹெட்டர்ல, அதாவது பக்கத்துக்கு மேல தனியா இருக்கிற பட்டைல போட்டா சில சாஃப்ட்வேர் அத எடுக்காமலே விட்டுடும். ஸ்கேன் பண்ணின காப்பி அனுப்பாதீங்க. மேலருந்து கீழ வரைக்கும் பக்கத்தப் பிரிக்காம நேரா எழுதுங்க, சாதாரணத் தலைப்புங்க போதும். விளம்பரத்துல அவங்க போட்டிருக்கிற பேரு உங்க திறமைக்கும் உண்மையா பொருந்துச்சுன்னா அதே பேரையே போடுங்க, ஏன்னா அந்த வார்த்தையப் போட்டுத்தான் தேடுவாங்க.

சரி, இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். மார்க் கிரானோவெட்டர்னு ஒரு அமெரிக்க சமூகவியலாளர். பாஸ்டன் பக்கத்துல நியூட்டன்ங்கிற ஊர்ல, புதுசா வேலை மாறினவங்களப் பாத்து உங்களுக்கு இந்த வேலை எப்படிக் கிடைச்சதுன்னு விசாரிச்சார். தெரிஞ்சவங்க மூலமா கிடைச்சதுன்னு சொன்னவங்ககிட்ட, அந்த ஆள அப்ப எவ்வளவு அடிக்கடி பாப்பீங்கன்னு கேட்டார். அடிக்கடி, அதாவது வாரத்துல ரெண்டு தடவையாவது பாக்கிறவர்னு சொன்னவங்க 100க்கு 17 பேர்கூட இல்ல. எப்பவாவது பாக்கிறவர்னு சொன்னவங்க பாதிக்கு மேல. வருஷத்துக்கு ஒரு தடவையோ அதுக்கும் கம்மியாவோ பாக்கிறவர்னு சொன்னவங்க கிட்டத்தட்ட 28 பேர்! இதயும் சேத்து அவர் எழுதின கட்டுரை 1973ல ஒரு ஆய்விதழ்ல வந்துச்சு, இன்னைக்கு வரைக்கும் அதப் பத்திப் பேசுறாங்க.

ஏன் இப்படின்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. உங்க நெருங்கின ஃப்ரெண்டுக்கு தெரிஞ்ச ஆளுங்கள உங்களுக்கும் தெரியும், அவர் காதுக்கு வர்ற செய்தி உங்க காதுக்கும் வந்திடும். முன்னாடி ஆபீஸ்ல ரெண்டு சீட் தள்ளி இருந்தவர் இப்ப வேற உலகத்துல இருக்கார், அங்க யாரு வேலைய விட்டுப் போறாங்க, எந்த டீம் பெருசாகுதுன்னு விளம்பரம் வர்றதுக்கு முன்னாடியே அவருக்குத் தெரியும். 2022ல லிங்க்ட்இன்ல, அதான் வேலை சம்பந்தமா ஆளுங்க தொடர்பு வெச்சுக்கிற வலைத்தளம், அதுல சுமார் 2 கோடி பேர் சம்பந்தப்பட்ட சோதனைகள வெச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, அதுலயும் மிதமான பழக்கம் உள்ளவங்க மூலமாத்தான் வேலை மாற்றம் அதிகம்னு தெரிஞ்சுது. சுத்தமா பழக்கமே இல்லாதவங்களும் இல்ல, ரொம்ப நெருக்கமானவங்களும் இல்ல, நடுவுல இருக்கிறவங்க.

ஆனா நம்மள்ல பலபேர் இவங்களத்தான் கேக்க மாட்டோம். இத்தன வருஷம் பேசாம இருந்துட்டு இப்ப வேலைக்காகப் பேசினா என்ன நெனப்பாங்களோன்னு கூச்சம். அந்தக் கூச்சம் எனக்குப் புரியுது. அதனாலதான் சொல்றேன், வேலை வாங்கிக் குடுங்கன்னு கேக்காதீங்க, தகவல் கேளுங்க. "அண்ணே, நல்லா இருக்கீங்களா, நாம அந்த ஆபீஸ்ல ஒண்ணா இருந்தோம், நீங்க இப்ப இருக்கிற துறைல இந்த மாதிரி வேலைக்கு எப்படி ஆள் எடுக்கிறாங்க, ஒரு 10 நிமிஷம் பேச முடியுமா"ன்னு. கூடவே முன்னாடி சொன்னேன் பாருங்க, அந்த ஒரு வரி, அதச் சேத்து அனுப்புங்க. அவர் நெனச்சா அத அப்படியே மேனேஜருக்கு ஃபார்வர்ட் பண்ணிடுவார். "எதாவது இருந்தா சொல்லுங்க"ன்னு மொட்டையா அனுப்பினா அவரு யாருகிட்ட என்னன்னு சொல்லுவார், பாவம். பேசி முடிச்சா நன்றி சொல்லுங்க, வேலை கிடைச்சாலும் சொல்லுங்க, கிடைக்கலன்னாலும் சொல்லுங்க.

இருக்கிற வேலைய விடலாமான்னு கேக்கிறவங்களும் அதே வரியத்தான் எடுக்கணும். போன ஒரு வருஷத்துல ரெஸ்யூமேல புதுசா சேக்க ஒரு வரியாவது இருக்கா? இல்லன்னா முதல்ல மேலதிகாரிகிட்டயே வேற பொறுப்பு கேட்டுப் பாருங்க, சம்பளம் மட்டும்...

நேரம் ஆயிடுச்சுன்னு கை காட்டுறாங்க. சம்பளம் பேசுறதப் பத்தி விரிவா சொல்லணும்னு இருந்தேன், வேகமா சொல்லிடுறேன். மொத்தத் தொகைய மட்டும் கேட்டு சந்தோஷப்படாதீங்க, மாசாமாசம் நிச்சயமா கைக்கு எவ்வளவு, டார்கெட்டப் பொறுத்தது எவ்வளவுன்னு பிரிச்சுக் கேளுங்க. ஆஃபர் லெட்டர் எழுத்துல வராம ராஜினாமா குடுக்காதீங்க. நோட்டீஸ் பீரியட், அதாவது ராஜினாமா குடுத்த பிறகு வேலை பாக்க வேண்டிய நாள், எத்தன நாள்னு இப்பவே பாத்து வெச்சுக்கங்க. முக்கியமா, வேலை தர்றேன்னு சொல்லிட்டு ட்ரெய்னிங்குக்கு, டெபாசிட்டுக்குன்னு உங்ககிட்டயே யாராவது பணம் கேட்டா, ஒரு காசு அனுப்பாதீங்க, போனக் கட் பண்ணிட்டு வீட்டுல சொல்லிடுங்க. நன்றி, வணக்கம்.